கூட்டுத் திரைப்படத் தயாரிப்பு உடன்பாடுகள்: நோக்கமும் நடைமுறையும்

திரைப்படம் ஒரு கலைப் படைப்பு. அதே வேளையில் அது முதலீடும் உழைப்பும் சந்தையும் வேண்டி நிற்கும் ஒரு தொழிற்பொருளுமாகும். ஒரு நாட்டின் மொழி, பழக்கவழக்கம், வாழ்க்கை நோக்கு ஆகியவற்றை எல்லை கடந்து எடுத்துச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. பஞ்சு, தேயிலை, இயந்திரம் முதலிய பண்டங்களுக்கான வாணிப விதிகள் மட்டுமே திரைப்படத்திற்குப் போதா என்று பல நாடுகள் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளன. இரு நாடுகளின் தயாரிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து படம் எடுக்க வழிவகுக்கும் அரசு உடன்பாடுகள் இக்கருத்திலிருந்து தோன்றியவையாகும்.

2005ஆம் ஆண்டிலிருந்து இந்தியா பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகளுடன் இத்தகைய உடன்பாடுகளைச் செய்துகொண்டுள்ளது. ஆயினும், உடன்பாடுகளின் எண்ணிக்கையை நோக்க, அவற்றின்கீழ் முறையான தகுதி பெற்று வெளிவந்த இந்தியப் படங்கள் மிகச் சிலவே. உடன்பாடு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை ஆராய்ந்தால் இந்நிலைக்கான காரணம் விளங்கும்.

இருவகை உடன்பாடுகள்

பண்பாட்டுப் பரிமாற்ற உடன்பாடு, கூட்டுத் தயாரிப்பு உடன்பாடு ஆகிய இரண்டும் ஒன்றெனப் பலர் எண்ணுவதுண்டு. அவை நோக்கத்தாலும் பயனாலும் வேறுபட்டவை.

பண்பாட்டுப் பரிமாற்ற உடன்பாட்டின்கீழ்த் திரைப்பட வாரங்கள் நடத்தப்படுகின்றன; கலைஞர் குழுக்கள் சென்று வருகின்றன; மாணவர்களுக்குப் பயிற்சி வாய்ப்புக் கிடைக்கிறது. இத்தகைய பரிமாற்றத்தால் விளையும் பயனுக்கு நமது நாட்டு வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. 1952இல் முதலாவது சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை, டில்லி, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றது. இத்தாலியின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’, ஜப்பானின் ‘ராஷோமான்’ போன்ற படங்களை அவ்விழாவின் வாயிலாக இந்தியக் கலைஞர்கள் கண்டனர். 1954இல் சோவியத் ஒன்றியத்தில் திரையிடப்பட்ட ‘ஆவாரா’ அந்நாட்டு மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆயினும் இவ்வகைப் பரிமாற்றம் பார்வையாளரைத் தருமேயன்றி, புதிய படத்திற்கு வேண்டிய முதலைத் தருவதில்லை.

கூட்டுத் தயாரிப்பு உடன்பாட்டின் அடிப்படை வேறு. அதன்படி ஏற்பிசைவு பெற்ற ஒரு படம் இரு நாடுகளிலும் உள்நாட்டுப் படமாகவே கருதப்படும். உள்நாட்டுப் படங்களுக்கு அந்தந்த அரசு வழங்கும் மானியம், வரிச்சலுகை, திரையீட்டு ஒதுக்கீடு ஆகியவற்றை அப்படம் இரு நாடுகளிலும் கோரலாம். இவ்வுடன்பாடு பணம் தருவதில்லை. பணம் கோரும் தகுதியைத் தருகிறது. இக்கருத்தை மனத்திற்கொண்டால் பின்வருவனவற்றை எளிதில் பின்பற்றலாம்.

தோற்றம்

இரண்டாம் உலகப் போர் முடிவுற்றபோது ஐரோப்பிய நாடுகளின் திரைப்படத் தொழில் நலிவுற்றிருந்தது. போர்க்காலத்தில் திரையிட இயலாது தேங்கிய அமெரிக்கப் படங்கள் ஒரே சமயத்தில் அச்சந்தைகளுக்கு வந்தன. 1946 மே மாதத்தில் பிரான்சும் அமெரிக்காவும் செய்துகொண்ட பிளம்–பர்ன்ஸ் உடன்பாட்டின்படி, ஒவ்வொரு 13 வாரத்திலும் 4 வாரங்கள் மட்டுமே பிரெஞ்சுப் படங்களுக்கென ஒதுக்கப்பட்டன. பிரெஞ்சுத் திரைப்படத் துறையினர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1948இல் அவ்வளவு 5 வாரங்களாக உயர்த்தப்பட்டது. தேசியத் திரைப்பட மையமும் 1946லேயே பிரான்சில் நிறுவப்பட்டது.

தனித்து நின்று போட்டியிட இயலாத இரு நாடுகள் கூடி நின்றால் என்ன என்ற எண்ணம் இச்சூழலில் எழுந்தது. 1949இல் பிரான்சும் இத்தாலியும் கூட்டுத் தயாரிப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இரு நாடுகளின் முதலும், நடிகர்களும், திரையரங்குகளும் ஒரு படத்திற்குக் கிடைத்தன. 1952இல் வெளிவந்த ‘டான் கமில்லோ’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கதையும் களமும் இத்தாலியைச் சேர்ந்தவை. இயக்குநர் ஜூலியன் துவிவியே பிரெஞ்சுக்காரர். முதன்மை வேடங்களில் ஒன்றைப் பிரெஞ்சு நடிகர் பெர்னாந்தெலும், மற்றொன்றை இத்தாலிய நடிகர் ஜினோ செர்வியும் ஏற்றனர். இரு நாட்டு மக்களும் அதனைத் தமது படமாகவே பார்த்தனர். அடுத்த இருபது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான படங்கள் இவ்வழியில் உருவாயின. கனடா தனது முதல் உடன்பாட்டை 1963இல் பிரான்சுடன் செய்துகொண்டது. பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுடன் இத்தகைய உறவை ஏற்படுத்திக்கொண்டது.

உடன்பாட்டின் உறுப்புகள்

நாட்டுக்கு நாடு சொற்கள் வேறுபட்டாலும் இவ்வுடன்பாடுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றேயாகும். அவற்றில் காணப்படும் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

முதலாவது, தகுதி வழங்கும் அதிகாரி. இந்தியாவில் தகவல், ஒலிபரப்பு அமைச்சகமும், பிரான்சில் தேசியத் திரைப்பட மையமும், கனடாவில் டெலிபிலிம் நிறுவனமும் இப்பணியைச் செய்கின்றன. இரு நாட்டு அதிகாரிகளும் தனித்தனியே ஏற்றாலன்றிப் படத்திற்குத் தகுதி கிடைப்பதில்லை.

இரண்டாவது, முதலீட்டு விகிதம். இருதரப்பு உடன்பாடுகள் பலவற்றில் எந்த ஒரு தயாரிப்பாளரின் பங்கும் 20 விழுக்காட்டிற்குக் குறையவோ 80 விழுக்காட்டிற்கு மிகவோ கூடாது என்ற விதி உண்டு. பெயரளவுக்கு ஒரு பங்காளியைச் சேர்த்துக்கொண்டு சலுகை பெறுவதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

மூன்றாவது, கலை, தொழில்நுட்பப் பங்கு. பணத்தின் விகிதத்திற்கு ஏறத்தாழ ஒத்த அளவில் நடிகர், எழுத்தாளர், ஒளிப்பதிவாளர், தொழிலாளர் முதலியோரும் அந்நாட்டிலிருந்து பங்கேற்க வேண்டும்.

நான்காவது, போக்குவரத்து வசதி. கலைஞர்கள் வந்து தங்குவதற்கும், ஒளிப்பதிவுக் கருவிகளைத் தற்காலிகமாகக் கொணர்ந்து திருப்பி எடுத்துச் செல்வதற்கும் இரு அரசுகளும் தத்தம் சட்டங்களுக்கு உட்பட்டு உதவ ஒப்புக்கொள்கின்றன.

ஐந்தாவது, உரிமையும் வருவாயும். படத்தின் உரிமை இருவருக்கும் உரியது. வருவாய் பொதுவாக முதலீட்டிற்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. சில வேளைகளில் நாடுவாரியாகச் சந்தைகள் பங்கிடப்படுகின்றன.

ஆறாவது, சமநிலை. ஒரு நாடே எப்போதும் பெரும்பங்காளியாகவும் மற்றது எப்போதும் சிறுபங்காளியாகவும் இருந்துவிடாதபடி கண்காணிக்கக் கூட்டுக்குழு அமைக்கப் பல உடன்பாடுகள் இடமளிக்கின்றன.

கூட்டுத் தயாரிப்புத் தகுதி பெற்ற படம் உள்நாட்டுச் சட்டங்களிலிருந்து விலக்குப் பெறுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் அதனைப் பொதுமக்களுக்குத் திரையிட, 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்படி மற்றப் படங்களைப் போலவே தணிக்கைச் சான்றிதழ் பெறவேண்டும்.

களமும் பங்கும்

வெளிநாட்டுப் படக்குழுவினர் இந்தியாவில் வந்து படம்பிடிப்பதற்கும், இந்தியர் கூட்டுத் தயாரிப்பாளராக இருப்பதற்கும் உள்ள வேற்றுமையைப் பொருளாதார நோக்கில் அறிந்துகொள்வது அவசியம்.

10 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு படம் எடுக்கப்படுவதாகக் கொள்வோம். வெளிநாட்டுத் தயாரிப்பாளர் இந்தியாவில் படம்பிடித்து 3 கோடி ரூபாய் செலவிட்டுத் திரும்பினால், அத்தொகை நமக்கு அன்னியச் செலாவணியாக ஒருமுறை வருகிறது. விடுதி, வாகனம், துணை நடிகர், தொழிலாளர் ஆகியோருக்கு அது ஊதியமாகவும் வாடகையாகவும் சேர்கிறது. படம் பின்னர் எவ்வளவு ஈட்டினாலும் அதில் நமக்குப் பங்கில்லை.

இந்தியத் தயாரிப்பாளர் அதே 3 கோடி ரூபாயை முதலீடு செய்து 30 விழுக்காட்டுப் பங்காளியானால் நிலைமை மாறுகிறது. படம் உலகெங்கும் ஈட்டும் வருவாயில் ஒப்பந்தப்படி அவருக்குப் பங்குண்டு. தொலைக்காட்சி, இணையவழி ஒளிபரப்பு ஆகியவற்றிற்கு உரிமை விற்கப்படும்போதும் அப்பங்கு தொடர்கிறது. திரைக்கதை, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு முதலிய பணிகளில் இந்தியக் கலைஞர்கள் பங்கேற்று அனுபவம் பெறுகின்றனர். ஆனால், படம் தோல்வியுற்றால் இழப்பிலும் அவருக்குப் பங்குண்டு. களம் அளிப்பவர் ஊதியத்தோடு அமைகிறார். பங்காளி உரிமையோடு ஆபத்தையும் ஏற்கிறார். அவ்வாபத்தைக் குறைக்கக்கூடியது அரசின் ஊக்க உதவி. ஆகவேதான் உடன்பாடும் உள்நாட்டு உதவித் திட்டமும் ஒன்றையொன்று சார்ந்தவை எனப்படுகின்றன.

உள்நாட்டுத் தகுதியின் மதிப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். சீனாவில் வருவாய்ப் பங்கீட்டு முறையில் இறக்குமதி செய்யப்படும் வெளிநாட்டுப் படங்களுக்கு ஆண்டு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2012இல் அது 20இலிருந்து 34ஆக உயர்த்தப்பட்டது. கூட்டுத் தயாரிப்பாக ஏற்கப்பட்ட படம் அவ்வரம்பிற்குள் வராது. அங்கு இத்தகுதி சந்தையின் கதவையே திறக்கிறது. பிரான்சில் அது தேசிய உதவி நிதிக்கு வழி திறக்கிறது.

பலதரப்பு ஏற்பாடுகள்

இருதரப்பு உடன்பாடுகள் பெருகியபின், பல நாடுகள் ஒரே விதியின்கீழ் வருவது எளிதென்று கருதப்பட்டது. லத்தீன் அமெரிக்க, ஐபீரிய நாடுகள் 1989 நவம்பரில் கராகஸ் நகரில் இதற்கான உடன்பாடுகளில் கையெழுத்திட்டன. ஐரோப்பியக் கவுன்சில் 1992இல் திரைப்படக் கூட்டுத் தயாரிப்பு உடன்படிக்கையை உருவாக்கியது. அது 1994இல் நடைமுறைக்கு வந்தது.

இந்த ஐரோப்பிய உடன்படிக்கையில் ஒரு படத்தின் தன்மையை மதிப்பிடப் புள்ளிமுறை வகுக்கப்பட்டது. இயக்குநர், கதாசிரியர், முதன்மை நடிகர் ஆகியோருக்குத் தலா 3 புள்ளிகள். இரண்டாம் நடிகருக்கு 2. மூன்றாம் நடிகருக்கும் இசையமைப்பாளருக்கும் தலா 1. ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு, கலை, படப்பிடிப்பு இடம், இறுதிக்கட்டப் பணி ஆகிய ஆறுக்கும் தலா 1. மொத்தம் 19 புள்ளிகளில் 15 பெறும் படமே ஐரோப்பியப் படமாகும். 1992 விதிப்படி பலதரப்புப் படங்களில் ஒரு பங்காளி குறைந்தது 10 விழுக்காடு முதலிட வேண்டியிருந்தது. 2017இல் ராட்டர்டாம் நகரில் திருத்தப்பட்ட உடன்படிக்கை இதனை 5 விழுக்காடாகக் குறைத்தது. ஐரோப்பாவிற்கு வெளியேயுள்ள நாடுகளும் சேர வழிசெய்தது. சிறிய நாடுகளின் தயாரிப்பாளர்களுக்கு இது பெரிதும் உதவக்கூடியது.

உலக வாணிப விதிகளோடு இவ்வுடன்பாடுகளுக்குள்ள உறவும் கவனிக்கத்தக்கது. 1947ஆம் ஆண்டின் காட் உடன்படிக்கை தனது நான்காம் பிரிவில் திரையீட்டு ஒதுக்கீட்டை அனுமதித்தது. 1994ஆம் ஆண்டின் சேவை வாணிபப் பொது உடன்படிக்கையோ, ஒரு நாட்டிற்கு அளிக்கும் சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் அளிக்கவேண்டும் என்ற நெறியைக் கொண்டது. கூட்டுத் தயாரிப்பு உடன்பாடு தேர்ந்த நாடுகளுக்கு மட்டும் சலுகை அளிப்பதால் அந்நெறிக்கு முரணாகும். ஆகவே பல நாடுகள் திரைப்பட, தொலைக்காட்சித் துறையில் தமக்கு விலக்கு வேண்டுமெனப் பதிவு செய்துகொண்டன.

இவ்விலக்கிற்குக் கொள்கை அடிப்படையை வலுப்படுத்தியது, யுனெஸ்கோ 2005 அக்டோபரில் ஏற்ற பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்முகத்தன்மை குறித்த உடன்படிக்கையாகும். 148 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவும் இஸ்ரேலும் எதிர்த்தன. 4 நாடுகள் நடுநிலை வகித்தன. இந்தியா 2006 டிசம்பரில் இதனை ஏற்புறுதி செய்தது. கூட்டுத் தயாரிப்பு, கூட்டு விநியோக உடன்பாடுகளை ஊக்குவிக்க வேண்டும் என 12ஆம் பிரிவும், வளரும் நாடுகளின் கலைஞர்களுக்கும் படைப்புகளுக்கும் வளர்ந்த நாடுகள் முன்னுரிமை அளிக்கவேண்டும் என 16ஆம் பிரிவும் கூறுகின்றன.

இந்தியாவின் அனுபவம்

அரசு உடன்பாடுகள் ஏற்படுவதற்கு முன்பே இந்தியாவில் கூட்டு முயற்சிகள் இருந்தன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்கத் தயாரிப்பாளருடன் சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ 1952இல் வெளிவந்தது; அதன் தமிழ் வடிவம் ‘காடு’ எனப்பட்டது. 1957இல் கே. ஏ. அப்பாசும் சோவியத் இயக்குநர் வசீலி புரோனினும் சேர்ந்து, 15ஆம் நூற்றாண்டு ரஷ்யப் பயணியான அபனாசி நிகிதினின் வாழ்க்கையைப் ‘பர்தேசி’ என்ற பெயரில் படமாக்கினர். 1982இல் வெளிவந்த ‘காந்தி’ படத்தின் முதலீட்டில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பங்கேற்றது. அக்கழகமும் தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகமும் இணைந்து, சியாம் பெனகல் இயக்கத்தில் ‘தி மேக்கிங் ஆப் தி மகாத்மா’ படத்தை 1996இல் அளித்தன. இவை தனிப்பட்ட நிறுவனங்களின் ஏற்பாட்டினாலோ இரு அரசுகளின் நட்பினாலோ உருவானவை. ஒவ்வொரு படத்திற்கும் புதிதாக விதி பேசவேண்டியிருந்தது.

பொதுவிதி வகுக்கும் காலம் 2005இல் தொடங்கியது எனலாம். அவ்வாண்டில் இத்தாலியுடனும் பிரிட்டனுடனும், 2007இல் ஜெர்மனி, பிரேசில் நாடுகளுடனும், 2010இல் பிரான்சுடனும் உடன்பாடுகள் ஏற்பட்டன. நியூசிலாந்து, போலந்து, ஸ்பெயின், கனடா, சீனா, தென் கொரியா முதலிய நாடுகள் அடுத்த ஐந்தாண்டுகளில் சேர்ந்தன. ஆஸ்திரேலியாவுடன் 2023இலும், கொலம்பியாவுடன் 2024இலும் கையெழுத்தாயிற்று.

இவற்றால் சில நல்ல படங்கள் விளைந்தன. நாட்டுப் பிரிவினைக் காலத்துப் பஞ்சாபிக் குடும்பம் ஒன்றின் கதையான ‘கிஸ்ஸா’ 2013இல் இந்திய–ஜெர்மன் உடன்பாட்டின்கீழ் வந்தது. சீனாவுடன் செய்த உடன்பாட்டையடுத்து, யுவான் சுவாங்கின் பயணத்தைக் கூறும் படம் 2016இல் வெளியாயிற்று. சியாம் பெனகலின் ‘முஜிப்’ படத்திற்கு வங்கதேசம் 60 விழுக்காடும் இந்தியா 40 விழுக்காடும் முதலிட்டன. அது 2023இல் திரைக்கு வந்தது.

குறைகளும் காரணங்களும்

பயன் குறைந்ததற்கு முதற்காரணம், இந்தியாவில் உள்நாட்டுத் தகுதிக்குப் பின்னால் நெடுங்காலம் நிதியுதவி ஏதும் பெரிதாக இல்லாமையே. வெளிநாட்டுப் பங்காளிக்கு அவருடைய அரசு மானியம் அளித்தது. இந்தியப் பங்காளி வெறுங்கையோடு நின்றார். ஆகவே அவர் சிறுபங்காளியாகவே அமைந்தார். 2022 மே மாதத்தில்தான் மத்திய அரசு, கூட்டுத் தயாரிப்புகளுக்கு இந்தியாவில் செய்யும் தகுதிச் செலவில் 30 விழுக்காடு வரை, 2 கோடி ரூபாய் உச்சவரம்புடன் ஊக்கத்தொகை அறிவித்தது. இவ்வரம்பின்படி, தகுதிச் செலவு ஏறத்தாழ 6 கோடியே 67 லட்சம் ரூபாயைத் தாண்டினால் கூடுதல் உதவி இல்லை. 2023 நவம்பரில் உச்சவரம்பு 30 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. 10 கோடி ரூபாய் தகுதிச் செலவுள்ள படத்திற்கு, 30 விழுக்காட்டைக் கொண்டே கணக்கிட்டாலும், 2 கோடிக்குப் பதில் 3 கோடி ரூபாய் கிடைக்கும். இடைநிலைப் படங்களுக்கு இது சிறிய வேறுபாடன்று.

இரண்டாவது காரணம் நடைமுறைத் தாமதம். படப்பிடிப்பு அனுமதி மாநில அரசு, ரயில்வே, தொல்லியல் துறை, வனத்துறை எனப் பல இடங்களில் பெறவேண்டியதாகும். இதனை எளிதாக்க 2015இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தில் திரைப்பட உதவி அலுவலகம் அமைக்கப்பட்டது. கோவாவில் 2007இல் தொடங்கிய திரைப்படச் சந்தை, பங்காளிகளைத் தேடும் களமாகப் பயன்பட்டு வருகிறது.

மூன்றாவது, கதைக்கு நேரும் ஆபத்து. புள்ளிகளையும் விகிதங்களையும் நிறைவுசெய்யும் பொருட்டு, தேவையற்ற வெளிநாட்டுப் பாத்திரங்களையும் காட்சிகளையும் கதையில் திணிக்கும் போக்கு ஐரோப்பாவிலேயே கண்டிக்கப்பட்டது. எந்த நாட்டிற்கும் சொந்தமில்லாத படங்கள் அதனால் தோன்றின. பங்காளி நாட்டின் உதவி, படத்தொகுப்பு, ஒலி, வண்ணச் சீரமைப்பு போன்ற பணிகளின் வழியாக வரும்போது கதையின் மண்வாசனை கெடுவதில்லை.

இதற்குப் பாயல் கபாடியா இயக்கிய ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ தக்க சான்று. கேரளத்திலிருந்து மும்பை சென்று பணிபுரியும் செவிலியரின் வாழ்க்கையைக் கூறும் அப்படம் மலையாளம், இந்தி, மராத்தி மொழிகளில் அமைந்தது. பிரான்சின் நிறுவனம் முதலாகப் பல ஐரோப்பியப் பங்காளிகளின் முதல் அதில் இருந்தது. இந்திய–பிரெஞ்சு உடன்பாட்டின்கீழ் அதற்கு முறையான தகுதியும், ஊக்கத் திட்டத்தின்கீழ் 30 விழுக்காட்டிற்கு இடைக்கால ஒப்புதலும் வழங்கப்பட்டன. 1994க்குப் பின் முப்பது ஆண்டுகள் கழித்துக் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற இந்தியப் படம் அது. 2024இல் அவ்விழாவின் இரண்டாம் உயர் பரிசையும் அது பெற்றது.

ஆயினும் அதே ஆண்டில் ஆஸ்கார் விருதின் சர்வதேசப் படப் பிரிவிற்கு இந்தியா ‘லாபதா லேடீஸ்’ படத்தையும் பிரான்ஸ் வேறொரு படத்தையும் அனுப்பின. சட்டப்படி இரு நாட்டிற்கும் உரிய படம் இரண்டின் சார்பிலும் செல்லவில்லை. ஒவ்வொரு நாடும் ஒரு படத்தையே அனுப்ப இயலும் என்பதால், தேர்வுக் குழுக்களின் உரிமையை இங்குக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் உள்நாட்டுத் தகுதி என்பது சட்டத்தால் கிடைப்பதொன்று, உள்நாட்டார் தமதென ஏற்பது மற்றொன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

செய்யத் தக்கவை

உடன்பாடுகளின் முழுப்பயனைப் பெறச் சில நடவடிக்கைகள் உதவும். விண்ணப்பங்களுக்கு முடிவு கூறும் காலவரம்பு உறுதியாகக் கடைப்பிடிக்கப்படுதல் நன்று. ஒவ்வோர் உடன்பாட்டின்கீழும் தகுதி பெற்ற படங்கள், முதலீட்டுப் பங்கு, இந்தியர் பெற்ற பணிகள் ஆகிய விவரங்கள் ஆண்டுதோறும் வெளியிடப்பட்டால், எவ்வுடன்பாடு பயன் தருகிறது, எது ஏட்டளவில் நிற்கிறது என்பது புலனாகும். கூட்டுக்குழுக்கள் குறித்த காலத்தில் கூடிச் சமநிலையை ஆராய்தல் வேண்டும்.

மொழிவாரிச் சிறு தயாரிப்பாளர்களின் நிலை தனிக் கவனத்திற்குரியது. உலகக் கவனத்தை ஈர்க்கும் இந்தியக் கதைகள் பல அவர்களிடமிருந்தே வருகின்றன. ஆனால் அயல்நாட்டு ஒப்பந்தச் சட்டம் அறிந்த வழக்கறிஞரோ கணக்காளரோ அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. விதிகளையும் மாதிரி ஒப்பந்தங்களையும் இந்திய மொழிகளில் வெளியிடுவதும், திரைப்படப் பயிற்சி நிறுவனங்களில் இத்துறையைப் பாடமாக வைப்பதும் அவர்களுக்குப் பெருந்துணையாகும்.

பிரான்சும் இத்தாலியும் 1949இல் கைகோத்தபோது, தத்தம் மொழியில் தத்தம் கதையைச் சொல்லும் ஆற்றலைக் காத்துக்கொள்வதே அவற்றின் நோக்கமாக இருந்தது. இந்தியா கையெழுத்திட்டுள்ள உடன்பாடுகளையும் அந்நோக்கத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். எத்தனை நாடுகளுடன் உடன்பாடு உள்ளது என்ற கணக்கைவிட, அவற்றின் துணையால் எத்தனை இந்தியக் கதைகள் தம் இயல்பு குன்றாமல் வெளிநாட்டுத் திரைகளை அடைந்தன, எத்தனை இந்தியத் தயாரிப்பாளர்கள் உரிமையுள்ள பங்காளிகளாயினர் என்ற கணக்கே பொருளுடையதாகும்.